மாடசாமியின் வலி போன கதை

கை வைத்து வலி தீர்க்கிற நம்முடைய வேலை மென்மையான வேலை. பேச்சும் மென்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் போனில் போடும் வீடியோக்களைப் பார்த்தேன். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள். "சுத்தமா போச்சு" என்று அவர் சிரிக்கிறார். கீழே பூவும் கைதட்டலுமாகப் பொம்மைகள் ஓடுகின்றன. எரிச்சலாக வருகிறது.

வலி போச்சு என்றால் எங்கே போச்சு? ஏன் போச்சு? அதைக் கேட்டீர்களா? கேட்காமல் சிரிப்பதற்கு நோயாளி போதும், நீங்கள் எதற்கு?

நான் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. வேலையில் இருந்தபோது, காலையில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறை, மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடி அறை. இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே என் பாதி வயது போனது. இரண்டிலும் ஒரே வேலைதான். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு. கையை வைத்து, இறுகிக் கிடக்கிற தசை தானாக விடும்வரை காத்திருப்பது. எலும்பை நெட்டி முறிப்பதோ ஏறி மிதிப்பதோ கிடையாது. மில்லில் இருந்து வருகிறவர்கள் முதல் நாள் ஏமாந்துதான் போவார்கள். "என்னக்கா, சும்மா தடவிக்கொடுக்கீக, செத்த அமுக்க மாட்டீகளா?" என்பார்கள். "அமுக்கணும்னா வீட்டுல அம்மிக்கல்லு இருக்கும், போய்ப் படு" என்பேன். மறுநாளும் வருவார்கள்.

மாடசாமியும் அப்படி வந்தவன்தான்.

சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். ராஜபாளையத்துப் பக்கம் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். நாற்பது வயது இருக்கும். மாடிப்படி ஏறி வந்தபோது வலது கையைத் தலைமேல் வைத்திருந்தான், ஏதோ சுமையைப் பிடித்திருப்பதுபோல. பின்னாலேயே அவன் மனைவி செல்வி.

"கையை எறக்குனா உசுரு போகுதுக்கா" என்றான். "கழுத்துல ஆரம்பிச்சு சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுக்கு."

"ராத்திரி தூங்கையிலயும் இப்படித்தான்" என்றாள் செல்வி. "யாரையோ கையெடுத்துக் கும்பிடுத மாதிரி படுத்துக் கெடக்காக. என்னையத்தான் கும்பிடுதாகளோன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன்."

கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்குகிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கையை மேலே தூக்கினால் நரம்புக்கு இழுப்பு குறையும், வலி அடங்கும். முதல் நாள் அவன் பிடியைச் சோதித்தேன். என் இரண்டு விரலைப் பிடிக்கச் சொன்னேன், நசுக்கியே விட்டான். பலம் இருக்கிறது. சரி, கை வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ராஜபாளையத்து எலும்பு டாக்டரிடமும் அனுப்பினேன். அவரும் பார்த்துவிட்டு, சிகிச்சை நடக்கட்டும், குறையாவிட்டால் ஸ்கேன் எடுக்கலாம் என்றார்.

மாடசாமிக்கு அவசரம். காரணம், தேர்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேரை இழுப்பது ஊர் ஜனம். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீளமான கைப்பிடி வைத்த கனத்த ஆப்புக் கட்டையை, உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் கொடுக்க வேண்டும், சரியான நேரத்தில் உருவ வேண்டும். சக்கரம் ஆள் உயரத்துக்கு மேல். இப்போது தேரில் ஏதோ பிரேக் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் குனிந்து ஓடத்தான் வேண்டும்.

முன்பக்கத்து வலது சக்கரம் மாடசாமியுடையது. அவன் அப்பா நின்ற இடம். இடது சக்கரம் செல்வியின் அண்ணன் கணேசனுடையது. ஒரு வருடம் வராமல் போனால் இடம் கைமாறிவிடும் என்பது மாடசாமியின் பயம். அந்த இடத்துக்குக் காத்திருக்கிற ஆட்களும் உண்டு.

"வலி மட்டும் போயிட்டாப் போதும்க்கா. மத்ததை நான் பாத்துக்கிடுவேன்" என்றான்.

வலி போனது. வாரம் போகப் போகக் குறைந்தது. கையைத் தலையிலிருந்து இறக்கினான். ஒரு நாள் படியில் சத்தமாகப் பாடிக்கொண்டே ஏறி வந்தான். கீழே மருந்துக் கடையில் நின்றவர்களிடமெல்லாம், "அக்கா கை பட்டாப் போதும், டாக்டரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். அன்றைக்கே புது ஆட்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். இதுதான் நீங்கள் வீடியோ எடுக்கிற இடம்.

அன்று சிகிச்சை முடிந்து அவன் எழுந்து உட்கார்ந்தான். செல்வி போய் அவன் சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டாள். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே.

"என்ன, புதுப் பொண்டாட்டியா?" என்றேன்.

"இப்பத்தான்க்கா இந்தக் கொஞ்சல் எல்லாம்" என்று அவள் வெட்கப்பட்டாள். நானும் சிரித்தேன்.

அவர்கள் இறங்கிப்போன பிறகு ஜன்னலைத் திறக்கப் போனேன். கீழே அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவி ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். மாடசாமி இடது கையை ஸ்டியரிங்குக்கு மேலே கொண்டுவந்து, உடம்பை முறுக்கிச் சாவியைத் திருப்பினான். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பித்தான் போட்டுவிட்டது கொஞ்சல் இல்லை. அவனால் போட முடியவில்லை.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நசுங்குகிற நரம்பு கத்தும். அந்தக் கத்தல்தான் வலி. கத்தல் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நசுக்கியது விலகிவிட்டது. இன்னொன்று, கத்துவதற்கு நரம்பில் தெம்பு இல்லை. இரண்டிலும் நோயாளி ஒரே மாதிரிதான் சிரிப்பான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் நாம் இருக்கிறோம்.

மறுநாள் அவனைப் படுக்கச் சொல்லவில்லை. ஒரு துண்டைக் கொடுத்து வலது கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை என் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்தேன். துண்டு என் கைக்கு வந்துவிட்டது.

"வெடுக்குன்னு இழுத்துட்டீக" என்றான்.

"செல்வி, நீ இழு."

அவள் இழுத்தாள். வந்துவிட்டது. அவள் முகம் மாறியது. அவன் முகம் மாறவில்லை, இறுகியது.

"வலி இல்லைல்லாக்கா? பொறவு என்ன?"

"வலி இல்லாததுதான்டா என் கவலை. நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கே ஸ்கேன் எடு. தேருல கட்டை போடுத வேலையே வேண்டாம்."

"தேரு முடியட்டும். மறுநாளே போறேன்."

"சக்கரத்துக்குக் கீழ பிடி விட்டா என்ன ஆகும்?"

"கட்டை போடுதது கையில இல்லக்கா, காலுல இருக்கு. நீங்க தேரைத் தள்ளி நின்னு கும்பிட்டவிய. கிட்டக்க நின்னது நானு."

"கிட்டக்க நின்னவன் கூழானதையும் இந்த மாவட்டத்துல சனம் பாத்திருக்கு" என்றேன். கொஞ்சம் கடுமைதான். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

அவன் எழுந்தான். "நீங்க கை வைங்க. மிச்சம் இருக்கதும் சரியாயிரும்."

"வைக்க மாட்டேன்."

இதற்குமுன் யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவன் கத்தினான். நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்றான், வலி போனதும் பயம் காட்டி ஸ்கேனுக்கு அனுப்புகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்றான். கீழே கடையில் மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் போன பிறகு கடைக்காரர் மேலே வந்தார். "செத்த நேரம் தடவி அனுப்பிவச்சா என்னம்மா குறைஞ்சிரும்? ஊரெல்லாம் உங்களைப் புகழ்ந்துக்கிட்டுத் திரிஞ்சவன்." அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

என் கை பட்டால் அவனுக்கு இதமாக இருக்கும். அது உண்மை. அந்த இதத்தை நம்பி அவன் சக்கரத்தடிக்குப் போவான். அதனால் கொடுக்கவில்லை. மென்மையான கையை எப்போது எடுத்துவிட வேண்டும் என்று தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

ஆனால் சிகிச்சை மறுத்தால் மட்டும் அவன் தேருக்குப் போகாமல் இருந்துவிடுவானா? மாட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நோயாளி சொன்னது நம் அறையைத் தாண்டக் கூடாது. அது நம் தொழிலின் கட்டுப்பாடு, நான் என்றும் மீறியதில்லை. ஆனால் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு வருவது ஊரே. வலது பக்கம் கட்டை விழாவிட்டால் தேர் சும்மா நிற்காது, வீட்டுச் சுவரைத் தேடிப் போகும். எதிர்ப் பக்கத்தில் நிற்கிறவன் செல்வியின் அண்ணன்.

செல்விக்குப் போன் செய்தேன். "உங்க அண்ணன்கிட்ட நீ சொல்லு" என்றேன்.

"சொன்னா இவுக என்னைய வீட்டுல வச்சிருக்க மாட்டாகக்கா" என்று அழுதாள். "புருசனா அண்ணனான்னு நிக்கேன்."

"ரெண்டு பேரும் உசுரோட இருந்தாத்தான அந்தக் கேள்வி?" என்று வைத்துவிட்டேன்.

தேருக்குச் சில நாள் முன்னால், கட்டைகளைச் செதுக்கிச் சரிபார்த்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போடுவார்கள். காலை நேரம். ராஜபாளையத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் தேரடிக்குப் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்த மாதிரி இப்போது கதை விட மாட்டேன்.

தேருக்காக விரதம் இருக்கிற கட்டைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே கேலியும் சிரிப்பும்.

"ஏலே, கட்டையைச் செதுக்கச் சொன்னா பல்லுக்குச்சி ஆக்கி வச்சிருக்கான் பாரு."

"மாமா, உங்க தொந்தி முன்னால வருது. அதைக் குடுத்தாலே சக்கரம் நின்னுரும்."

மாடசாமியும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூசை முடிந்து மூத்தவர் ஒருவர் கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மாடசாமி குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். பார்க்கப் பக்தியாகத்தான் இருந்தது. பாரம் முழுக்க இடது கையில் என்பது எனக்குத் தெரிந்தது, ஓரமாக நின்ற செல்விக்குத் தெரிந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. தப்பித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அதன்பின் ஒரு வழக்கம் இருக்கிறது. அவரவர் சக்கரத்துக்கு அவரவர் தேங்காய் உடைக்க வேண்டும். ஒரே அடியில், வலது கையால். இடது கையைச் சாமி காரியத்தில் யாரும் நீட்ட மாட்டார்கள்.

கணேசன் உடைத்தான். சில்லுகள் பறந்தன.

மாடசாமி தேங்காயை எடுத்தான். கையைத் தலைக்கு மேலே தூக்கினான். முதல் நாள் என் படியேறி வந்தபோது இருந்த அதே கை, அதே உயரம். வீசுவதற்கு முன்பே தேங்காய் விரல்களை விட்டு நழுவி அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. உடையவில்லை. உருண்டு சக்கரத்தடியில் போய் நின்றது.

முதலில் மூத்தவர்தான் வாய் திறந்தார்.

"விரதம் ஒழுங்கா இருந்தியால?"

"இருந்தேன் மாமா."

"பொறவு எப்படி விழும்? என்னத்தத் தின்ன? எங்க போன? சாமி வேண்டாங்குது, தெரியுதா?"

பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். "வண்டி ஓட்டுதவன், வழியில புரோட்டாக் கடையில என்ன தின்னானோ." இன்னொருவன் செல்வியைத் திரும்பிப் பார்த்தான், வீட்டில் அவள் தீட்டோடு இருந்தாளோ என்பதுபோல. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணேசன் தங்கையைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? ஒரு நரம்பு நசுங்கியதற்கு ஒரு குடும்பத்தின் பேர் போகப்போகிறது. உண்மையை மறைப்பதுதான் தன்னுடைய இடத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தான். இப்போது மறைத்தால் இடமும் போகும், மானமும் போகும். நடுவே போய் நின்றேன். ஒரு பொம்பளை அந்த வட்டத்துக்குள் போனதே பலருக்குப் பிடிக்கவில்லை.

"மாடசாமி, நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அடித்துவிடுவான்போல இருந்தது. பிறகு செல்வியைப் பார்த்தான். அவளுடைய குனிந்த தலையைப் பார்த்தான். அங்கேதான் உடைந்தான்.

"கையில பிடி இல்ல மச்சான்" என்றான் கணேசனிடம். "சாவி திருப்ப முடியல. பித்தான் போட முடியல. உன் தங்கச்சிதான் போட்டுவிடுதா. விரதத்துல ஒரு குறையும் இல்ல. அவ மேலயும் இல்ல."

"எம்புட்டு நாளா?"

"வலி போனதுல இருந்து."

கணேசன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். "கூறுகெட்ட பயலே" என்றான். "நான் இடது பக்கம் கட்டையைக் குடுத்துட்டு, நீ வலது பக்கம் குடுப்பேன்னு நம்பி ஓடுதேன்லா? நீ விட்டா நான் எங்க போவேன்? என் பக்கம்தான சாயும்?"

அதுவரை மாடசாமி தன் சக்கரத்தை மட்டும்தான் நினைத்திருக்கிறான்.

மூத்தவர் என்னைக் கேட்டார், "இது நரம்புக் கோளாறுதானாம்மா? வேற ஒண்ணும் இல்லையே?"

"நரம்புதான். சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. விரதத்துக்கும் இல்ல, பொம்பளைக்கும் இல்ல. இன்னும் பத்து நாள் இப்படியே விட்டா கை முழுசாப் போயிரும். யாருக்காவது சந்தேகம் இருந்தா வந்து அவன் கையில துண்டைக் குடுத்து இழுத்துப் பாருங்க."

யாரும் வரவில்லை. கணேசன் சக்கரத்தடியில் குனிந்து அந்தத் தேங்காயை எடுத்தான். மாடசாமியின் வலது கையில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதன்மேல் தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்தான். இரண்டு கையும் சேர்ந்து மேலே போயின. தேங்காய் உடைந்தது.

"இந்த வருசம் வலது பக்கத்துக்கு நான் ஆள் போடுதேன்" என்றான் கணேசன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நிக்கது வேற ஆளு. இடம் இவனுது. எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க." பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினான். "வண்டிச் சாவியைக் குடு. இப்பவே கிளம்புதோம்."

ஸ்கேன், மதுரை, ஆபரேஷன் என்று எல்லாம் வேகமாக நடந்தது. தேர் ஓடிய அன்று மாடசாமி கழுத்துப் பட்டையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். யாரோ தேரடியிலிருந்து வீடியோ காலில் காட்டியிருக்கிறார்கள். தேர் மூலையில் திரும்பும்போது, "ஏலே, வலது கட்டை! குடு, குடு!" என்று இவன் கட்டிலில் இருந்து கத்தியிருக்கிறான். நர்ஸ் ஓடிவந்து போனைப் பிடுங்கிவிட்டாளாம். செல்வி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கை முழுசாகத் திரும்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முக்கால்வாசி வந்தது. அந்த முக்காலும் தானாக வரவில்லை. மாதக்கணக்கில் என் அறையில் அழுக்குத் துணியைப் பிழிவதும், கோதுமை மாவைப் பிசைவதும், என்னிடம் திட்டு வாங்குவதுமாக வந்தது. ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மாலை ஓடிவந்தான். "அக்கா, சுண்டுவிரல்ல சுருக்கு சுருக்குன்னு குத்துது, வலி திரும்பி வந்துட்டு" என்று பதறினான். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். நரம்பு விழித்துக்கொள்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். என் வேலைக் காலத்தில் வலியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அவன் சக்கரத்தடிக்குத் திரும்பவில்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். இப்போது தேருக்கு முன்னால் துண்டை வீசிக்கொண்டு கட்டைக்காரர்களுக்குச் சத்தம் கொடுக்கிறவன் அவன்தான். வலது பக்கத்துக்கு யாரை நிறுத்துவது என்பதையும் அவனிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

இனி உங்களுக்கு. வலி போனது என்று நோயாளி சொன்னால், சந்தோஷப்படுங்கள், ஒரு நிமிடம். பிறகு அவன் கையையும் காலையும் சோதியுங்கள், முதல் நாள் சோதித்ததுபோலவே, ஒவ்வொரு நாளும். கட்டிலில் படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காதீர்கள். செருப்பை எப்படி மாட்டுகிறான், கதவை எந்தக் கையால் திறக்கிறான், வண்டியை எப்படிக் கிளப்புகிறான் என்று பாருங்கள். உங்கள் அறைக்கு ஜன்னல் இல்லையென்றால் படியிறங்கிப் போய்ப் பாருங்கள். உங்களைப் புகழ்கிறவனை மற்றவனைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசி நாள் சிகிச்சை முடிந்து மாடசாமி எழுந்து உட்கார்ந்தபோது, செல்வி வழக்கம்போல வந்து சட்டைப் பித்தானைப் போட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நிறுத்து" என்றேன். "அவனுக்குத்தான் விரல் நல்லா வேலை செய்யுதே? அவனே போடட்டும்."

அவள் நிறுத்தவில்லை. "இதுக்கும் ஏதாவது ஸ்கேன் இருக்காக்கா?" என்றாள்.

இரண்டு பேரையும் விரட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் ஒரு நிமிடம் சும்மா இருந்தான். பிறகு வலது கையால் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பில் வண்டி கிளம்பவில்லை. இடது கை மேலே வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. வலது கையாலேயே இன்னொரு முறை திருப்பினான்.